வெளியே போகும் மெயிலை யார் பார்க்கிறார்கள்?

ஒரு நாளைக்கு 800 மின்னஞ்சல்கள், இரண்டு வாரம் விடாமல். 1990களின் பிற்பகுதியில் வெளிநாடுகளில் இருந்த இலங்கைத் தூதரகங்களின் மின்னஞ்சல் பெட்டிகள் இப்படித்தான் நிரம்பி வழிந்தன. அனுப்பியவர்கள் தங்களை 'இன்டர்நெட் பிளாக் டைகர்ஸ்' என்று அழைத்துக்கொண்டார்கள். உங்கள் தொடர்பாடலைக் குலைக்கவே இதைச் செய்கிறோம் என்று அந்த மடல்களில் எழுதியிருந்தார்கள். ஒரு நாட்டின் கணினிகள் மீது பயங்கரவாதிகள் நடத்தியதாக அறியப்பட்ட முதல் தாக்குதல் என்று புலனாய்வுத் துறையினர் இதை வகைப்படுத்தினார்கள். கணினிப் பாதுகாப்பு அறிஞர் டோரதி டென்னிங் 2000 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அளித்த சாட்சியத்திலும் இது இடம்பெற்றது. இந்தத் துறையைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

அந்தத் தாக்குதலுக்குப் பெரிய வித்தை ஏதும் தேவைப்படவில்லை. கடவுச்சொல்லை உடைக்கவோ கோப்புகளைத் திருடவோ வேண்டியிருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் கடிதம் போடலாம் என்று திறந்திருந்த வாசலில், தாங்க முடியாத அளவுக்குக் கடிதம் போட்டார்கள். இரண்டு வாரத்துக்கும் கூட்டிப் பார்த்தால் 11,200 மடல்கள். தொலைபேசிக் கம்பி வழியே இணைந்து மெயில் இறக்கிய காலத்தில் அது பெருஞ்சுமை.

இன்று அந்த எண்ணிக்கையை ஒரு முகாமைத்துவ உதவியாளரின் திருடப்பட்ட கடவுச்சொல் ஒரே இரவில் தாண்டிவிடும். வெள்ளம் வெளியிலிருந்து வருவதில்லை, நம் வாசலிலிருந்தே கிளம்புகிறது. நம்மவர்கள் போதிய அளவு பேசாத ஆபத்து இதுதான். ஆகவே இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

மலையில் இருக்கும் அலுவலகங்கள்

கிழக்கு மாகாண நிர்வாகத்தையே எடுத்துக்கொள்வோம். திருகோணமலை உள்துறைமுகத்தை ஒட்டிய ஓர்ஸ் ஹில்லை ஊரவர்கள் உவர்மலை என்பார்கள். விவேகானந்தா கல்லூரி இருக்கும் மலை. கிழக்கு மாகாண ஆளுநர் செயலகமும் இங்கேதான். திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய மூன்று மாவட்டங்களின் மாகாண நிர்வாகமும் இந்த நகரில்தான் குவிந்திருக்கிறது. இடமாற்றம், சம்பள உயர்வு, வைத்தியசாலைக்கு மருந்து, பாடசாலைக்குச் சுற்றறிக்கை என்று எதற்கும் காகிதம் இந்த நகருக்கு வந்துதான் போகவேண்டும். மூதூரிலோ பொத்துவிலிலோ இருக்கும் அதிபர் ஒருவருக்குப் பேருந்துப் பயணத்தை மிச்சப்படுத்துவது மின்னஞ்சல் ஒன்றுதான்.

அந்த மின்னஞ்சல் எப்படிப் போகிறது? ஓர் அமைப்பில் ஐம்பது கிளை இருந்தாலும் ஐந்நூறு பேர் இருந்தாலும், எல்லோருடைய மெயிலும் பொதுவாக ஒரே சேர்வர் வழியாகவே வெளியேறும். அதைத்தான் மெயில் கேட்வே என்கிறார்கள். வெளியுலகுக்குத் தெரிவது அந்தச் சேர்வரின் ஐபி முகவரி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. ஒரே படலை உள்ள வளவுக்குள் பத்துக் குடும்பம் குடியிருப்பது போன்ற ஏற்பாடு இது. அதில் ஒரு வீட்டுக்காரர் ஊரெல்லாம் கடன் வைத்தால், படலைக்கு வெளியே நிற்பவர் பத்து வீட்டாரையும் ஒரே கண்ணால்தான் பார்ப்பார்.

இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு திணைக்களத்தில் வேலை செய்பவருக்கு, 'உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே அழுத்தி மீண்டும் உள்நுழையுங்கள்' என்று ஒரு மடல் வருகிறது. சின்னமும் எழுத்தும் அலுவலகத்தினுடையது போலவே இருக்கின்றன. அவர் கடவுச்சொல்லைத் தட்டுகிறார். அன்றிரவு 10 மணிக்கு எங்கிருந்தோ ஒரு நிரல் அவர் பெயரில் உள்நுழைந்து, நொடிக்கு ஒரு மெயில் அனுப்பத் தொடங்குகிறது. மணிக்கு 3,600. காலை 7 மணிக்குள் 32,400. பெரும்பாலானவை இல்லாத முகவரிகளுக்குப் போய் மோதித் திரும்புகின்றன. ஒரு பகுதி, ஸ்பாம் பிடிப்பதற்கென்றே வைக்கப்பட்ட பொறி முகவரிகளில் விழுகிறது.

விடிகாலையில் ஜிமெயில் அந்தக் கேட்வேயிடம், இப்போது எடுக்க மாட்டேன், பிறகு வா என்கிறது. 4இல் தொடங்கும் எண்ணோடு வரும் மறுமொழிக்கு அதுதான் பொருள். சற்று நேரத்தில் அது 5இல் தொடங்கும் எண்ணாகிறது: எடுக்கவே மாட்டேன். ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைத் திரட்டி வைக்கும் தடைப்பட்டியல் ஒன்றில் அந்த ஐபி ஏறிவிடுகிறது. காலை எட்டரைக்கு அலுவலகம் திறக்கும்போது, கடவுச்சொல்லைக் கொடுத்தவரோடு சேர்ந்து கணக்குப் பிரிவு, சுகாதாரப் பிரிவு, கல்விப் பிரிவு எல்லோருடைய மெயிலும் நிற்கிறது. கேள்விப்பத்திரத் திருத்தம் போகவில்லை. ஒப்பந்தக்காரருக்கான கடைசித் தேதி அறிவிப்பு போகவில்லை. பலர் இதை அறிவதுகூட இல்லை, மறுமுனையில் இருப்பவர் பதில் போடவில்லையே என்று அவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்தத் தண்டனையில் அநியாயம் இருக்கிறது. ஆனால் பெறுபவரின் பக்கம் நின்று பார்த்தால் அவருக்கு வேறு வழியில்லை. தடைப்பட்டியலிடம் அவர் சேர்வர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஐபி நல்லதா, கெட்டதா? உள்ளே நல்லவர்களும் இருக்கிறார்களா என்று கேட்க அதில் இடமே இல்லை.

நம்பிக்கையில் கட்டிய வீடு

மின்னஞ்சலின் அடிப்படை விதியான எஸ்எம்டிபியைக் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதி வைத்தபோது, வலையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள். அனுப்புபவர் சொல்லும் பெயர் உண்மையா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி துர்க் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பிவிட்டார். கண்டனம் கிடைத்தது, அதோடு வியாபாரமும் கிடைத்தது. அந்த இரண்டாவது விளைவுதான் பின்னால் வந்தவர்களுக்கு வழிகாட்டியது.

அந்த நாட்களில் எந்தக் கேட்வேயும் யாருடைய மெயிலையும் வாங்கி யாருக்கும் கடத்திவிடும். பக்கத்து ஊர்க் கடிதத்தையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது மரியாதை என்றே கருதப்பட்டது. அந்த மரியாதை எவ்வளவு விலை வாங்கியது என்பதை 1997 காட்டியது. சான்பிரான்சிஸ்கோவில் ஐஜிசி என்ற அமைப்பு, மனித உரிமை, சூழலியல், சமாதானக் குழுக்களுக்கு இணைய வசதி கொடுத்துவந்தது. பாஸ்க் மக்களின் விடுதலை பற்றிய ஓர் இதழின் பக்கமும் அதன் சேர்வரில் இருந்தது. அந்த இதழை அகற்றக் கோரி, நூற்றுக்கணக்கான வேற்றுச் சேர்வர்கள் வழியாக ஆயிரக்கணக்கான போலி மெயில்கள் வந்து குவிந்தன. அடைபட்டது அந்த இதழின் பெட்டி மாத்திரமல்ல. அதே வாசலைப் பயன்படுத்திய 13,000க்கும் மேற்பட்ட சந்தாதாரர்களின் மெயில் நின்றது. 1997 ஜூலை 18 அன்று ஐஜிசி அந்தப் பக்கத்தை இறக்கியது.

இந்தச் சம்பவத்தை நான் திரும்பத் திரும்ப நினைப்பதற்குக் காரணம், இதில் மூன்று வகை அப்பாவிகள் இருக்கிறார்கள். ஒன்று, எதுவும் எழுதாத அந்த 13,000 பேர். இரண்டு, கருத்தைச் சொல்ல இடமிழந்த இதழ். மூன்றாவது வகையினரைத்தான் யாரும் எண்ணுவதில்லை: தங்கள் சேர்வர் ஆயுதமாகிவிட்டது என்று தெரியாமலே தூங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான கேட்வே பொறுப்பாளர்கள். அவர்கள் வெளியே போவதைப் பார்த்திருந்தால் தாக்குதலே நடந்திருக்காது.

அதே ஆண்டு கணினி வல்லுநர் பால் விக்சி முதலானோர் தடைப்பட்டியல் முறையைத் தொடங்கினார்கள். 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட், ஸ்பாம் அனுப்புவோரைக் கண்காணிக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பைத் தொடங்கினார். சேர்வர்களில் மெயிலைக் கையாளும் சென்ட்மெயில் மென்பொருள் அந்த ஆண்டு வெளியான 8.9 பதிப்பிலிருந்து, அந்நியர் மெயிலைக் கடத்திவிடும் பழக்கத்தைத் தானாகவே நிறுத்தியது. அன்றிலிருந்து திறந்த வாசல்கள் குறைந்தன. தாக்குபவர்கள் வேறு வழி பார்த்தார்கள். வாசல் பூட்டியிருந்தால் சாவி வைத்திருப்பவரைப் பிடி என்பதே அந்த வழி. திருடப்பட்ட கணக்குகளின் காலம் அப்படித்தான் வந்தது.

வரம்பு ஆளுக்கு ஆள்

பொது வாசலைக் காப்பதற்கு நான் முதலில் சொல்வது மிக எளிய ஒன்று: ஒவ்வொரு பயனருக்கும் மணிக்கு இத்தனை மெயில் என்று வரம்பு போடுங்கள். முழுச் சேர்வருக்கும் சேர்த்து ஒரு வரம்பு போட்டால், திருடன் அதை நிரப்பிவிடுவான், மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். உள்நுழைந்த பெயரை வைத்துக் கணக்கிட வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் மணிக்கு 200 என்று வரம்பு இருந்திருந்தால், அந்த ஒன்பது மணிநேரத்தில் 32,400க்குப் பதில் 1,800தான் போயிருக்கும். வரம்பைத் தொட்டவுடன் கணக்கை நிறுத்தி, பொறுப்பாளரின் கைபேசிக்கு ஒரு தகவல் போகும்படி செய்திருந்தால் 200இலேயே முடிந்திருக்கும். ஜிமெயிலே தன் இலவசக் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 500 என்ற வரம்பு வைத்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய மெயில் நிறுவனத்துக்குத் தேவைப்படும் கட்டுப்பாடு ஒரு மாகாணத் திணைக்களத்துக்கு வேண்டாமா?

வரம்பைத் தாண்டிய மெயிலை அழிக்கக் கூடாது, நிறுத்தி வைக்க வேண்டும். ஏனென்றால் மொத்தமாக அனுப்புவதெல்லாம் குற்றமல்ல. கல்வித் திணைக்களம் எல்லாப் பாடசாலைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பத்தான் வேண்டும். டெங்கு பரவினால் சுகாதாரப் பணிமனை எல்லோருக்கும் எழுதத்தான் வேண்டும். அதற்கு வேறு பாதை போடுவதே சரி: சுற்றறிக்கைகளுக்குத் தனி உப முகவரி, முடிந்தால் தனி ஐபி. அதில் ஏதாவது சிக்கல் வந்தாலும் தனிக் கடிதங்கள் தடையின்றிப் போகும்.

நல்ல நோக்கமுள்ள மொத்த மெயிலும் வாசலை அடைக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் என்எச்எஸ் சாட்சி. 2016 நவம்பர் 14 அன்று, ஒரு சோதனை மடல் தவறுதலாக 8 லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களுக்குப் போய்விட்டது. 'எனக்கு ஏன் இது வந்தது' என்று பலர் எல்லோருக்கும் பதில் போட்டார்கள். 'தயவுசெய்து எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்' என்று வேறு பலர் எல்லோருக்கும் பதில் போட்டார்கள். வைத்தியர்களின் மெயில் பல மணிநேரம் தத்தளித்தது. நம் அலுவலகங்களிலும் நூறு முகவரிகளைப் பெறுநர் வரிசையில் அப்படியே போட்டு அனுப்பும் வழக்கம் உண்டு. அது அடைப்புக்கும் வழி, முகவரிகளைத் திருடுவதற்கும் வழி.

அடுத்தது அடையாளம். இந்தப் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சேர்வருக்கு உரிமை உண்டு என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். மெயிலில் முத்திரை பதிப்பது டிகிம். இரண்டும் தவறினால் என்ன செய்யவேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும், 2025 மே மாதத்திலிருந்து மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கும், மொத்தமாக அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டன. கூகுளுக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கும் நாளொன்றுக்கு 5,000 மெயில் என்பது அளவுகோல். ஸ்பாம் என்று முறைப்பாடு செய்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது கூகுள். அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் கோபித்தால் போதும்.

இதில் நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இலங்கையில் பல அரச அலுவலகங்களின் கடிதத் தலைப்பில் இன்னும் ஜிமெயில் முகவரிதான் இருக்கிறது. அலுவலக முகவரி இருப்பவர்களிலும் பலர், அங்கு வருவதெல்லாம் தங்கள் ஜிமெயிலுக்குத் தானாகப் போகும்படி வைத்துக்கொள்கிறார்கள். வசதிதான். ஆனால் அலுவலகப் பெட்டிக்கு வரும் ஸ்பாமும் கூடவே போகிறது. ஜிமெயிலின் கண்ணுக்கு அதை அனுப்புவது நம் கேட்வேதான். யாரோ எழுதிய குப்பைக்கு நம் ஐபி பழி சுமக்கிறது. முன்னனுப்பல் வேண்டுமென்றால் வடிகட்டிய பிறகே நடக்க வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. பாமினி எழுத்துருவில் தட்டி மடலில் ஒட்டினால், நம் திரையில் தமிழ் தெரியலாம். வழியில் இருக்கும் கணினிக்கு அது பொருளற்ற ரோம எழுத்துக் குவியல். சொற்களை எடைபோட்டு ஸ்பாமைக் கண்டுபிடிக்கும் வடிகட்டிக்கு அப்படிப்பட்ட மடல் சந்தேகத்துக்குரியதாகத் தெரிய இடமுண்டு. யூனிகோடில் எழுதுவது மொழிக்கு மட்டுமல்ல, மெயில் போய்ச் சேருவதற்கும் நல்லது.

மற்ற வேலைகள் பொறுப்பாளருக்கானவை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கணினிகள் எவையும் போர்ட் 25 வழியாக நேரே வெளியே பேசக் கூடாது. பயனர்கள் கடவுச்சொல்லோடு போர்ட் 587 வழியாகக் கேட்வேயிடம் கொடுக்கட்டும், வெளியே கேட்வே மட்டும் போகட்டும். இல்லாத முகவரிக்கு வரும் மெயிலை வாசலிலேயே மறுக்க வேண்டும். உள்ளே வாங்கிவிட்டுப் பிறகு திருப்பி அனுப்பினால், அனுப்புநர் பெயர் பொய்யாக இருக்கும்போது அந்தத் திருப்பம் சம்பந்தமில்லாத ஒருவர் பெட்டியில் விழும். கடவுச்சொல்லோடு கைபேசிக் குறியீடும் கேட்கும் ஏற்பாடு கட்டாயம். 'அபியூஸ்', 'போஸ்ட்மாஸ்டர்' என்ற இரண்டு முகவரிகளும் இருக்க வேண்டும், அவற்றை ஒரு மனிதர் தினமும் வாசிக்க வேண்டும். 1997இலேயே இணைய விதிகள் இதைக் கேட்டுவிட்டன. உங்கள் வாசலிலிருந்து குப்பை வருகிறது என்று உலகின் ஏதோ மூலையிலிருந்து ஒருவர் சொல்லும்போது, அதைக் கேட்க ஆளில்லாவிட்டால் அடுத்து அவர் போவது தடைப்பட்டியலுக்குத்தான்.

2023 ஆகஸ்ட் நமக்குச் சொன்னது

பொதுவான ஒரே அமைப்பு விழுந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 26 அன்று லங்கா அரச மேகக் கணினி அமைப்பு கப்பம் கேட்கும் நச்சு நிரலுக்கு இரையானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைப்பைச் சில மணிநேரங்களில் மீட்டார்கள், ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மடல்களுக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. அவை போனவை போனவைதான். பயன்பாட்டில் இருந்தது மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் மென்பொருளின் காலாவதியான 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. தாக்குதலுக்கு முந்தைய வாரங்களில் சந்தேகத்துக்குரிய இணைப்புகள் பயனர்களுக்கு வந்துகொண்டிருந்தன என்றும், யாரோ ஒருவர் அழுத்தியிருக்கலாம் என்றும் பொறுப்பதிகாரிகள் சொன்னார்கள்.

வாரக்கணக்கில் வந்தன என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஒரே மாதிரியான மடல்கள் ஒரே வாசலுக்குத் தொடர்ந்து வரும்போது அதைக் கண்டு எச்சரிப்பது வாசலின் வேலை. அழுத்திய அந்த ஒருவரைக் குற்றம் சொல்வது எளிது. ஐயாயிரம் பேரில் ஒருவர் களைத்திருப்பார், அவசரத்தில் இருப்பார், ஆங்கிலமோ சிங்களமோ சரியாகப் புரியாதவராக இருப்பார். ஒருவரும் தவறமாட்டார் என்ற நம்பிக்கையில் ஓர் அமைப்பைக் கட்டுவது பொறுப்பின்மை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதமின்றி ஒருவருக்கு விளம்பரச் செய்திகள் அனுப்புவதையும் தொடுகிறது. 2006இல் தொடங்கிய இலங்கை செர்ட் அமைப்பு முறைப்பாடுகளைப் பெறுகிறது. ஆனால் அன்றிரவு 10 மணிக்குத் தொடங்கி நொடிக்கு ஒன்றாகப் போகும் மெயிலைச் சட்டம் வந்து நிறுத்தாது. கேட்வேயில் எழுதிவைத்த ஒரு வரி நிறுத்தும்.

அதற்குப் புதிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. எக்சிம் என்ற இலவச மெயில் மென்பொருளிலேயே ஆளுக்கு ஆள் வரம்பு வைக்க முடியும், போஸ்ட்ஃபிக்ஸில் ஓர் இலவசத் துணை நிரலைச் சேர்த்து வைக்கலாம். தேவைப்படுவது அரை நாள் வேலையும், பதிவேட்டைத் தினமும் பார்க்கும் ஓர் ஆளும். அந்த ஆளுக்குப் பதவிப் பெயரும் கடமைப் பட்டியலில் இடமும் கொடுக்க வேண்டும். வேறு வேலை செய்துகொண்டே இதையும் பார்த்துக்கொள் என்று இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் தலையில் கட்டுவது நடக்கிற காரியமல்ல.

உவர்மலையிலும், திருகோணமலையின் மற்ற அலுவலகங்களிலும், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதைப் படிக்கும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை உங்கள் மெயில் பொறுப்பாளரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். நம் பயனர் ஒருவர் மணிக்கு எத்தனை மெயில் அனுப்பலாம்? அதைத் தாண்டினால் யாருக்குத் தகவல் போகும்? நம் 'அபியூஸ்' பெட்டியைக் கடைசியாக யார் திறந்தார்? பதில் இல்லையென்றால் அவரைக் கோபிக்காதீர்கள். அந்த அரை நாளை அவருக்குக் கொடுங்கள், இந்த வாரமே.